பேரில்லாத பத்துச் சீட்டு

“கையெழுத்தப் பாக்கவே வேணாம் மேடம். மடிப்பப் பாத்தே ஆளச் சொல்லிடுவேன்.”

“அதுக்குத்தான் யாரும் பேர் போட வேணாம்னு சொன்னேன் சார். யாருன்னு தேடாதீங்க. என்ன எழுதியிருக்காங்கன்னு மட்டும் படிங்க.”

கதிரேசன் அதைக் காதில் வாங்கவில்லை. தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றின் பட்டுப் பிரிவுக்கு ஒன்பது வருடங்களாக அவர்தான் சூப்பர்வைசர். அடையாறில் திறக்கப்போகும் புதுக் கிளைக்கு அவரை மேனேஜராக்கலாமா என்பது இந்தச் சீட்டுகளில்தான் இருந்தது. தலைமைப் பண்புப் பயிற்சி நடத்த வந்த நிஷா, அவருக்குக் கீழே வேலை செய்யும் பத்துப் பேரிடமும் கருத்து எழுதி வாங்கியிருந்தாள்.

பத்தும் பட்டுப்புடவை மாதிரியே மடிக்கப்பட்டிருந்தன. கரை வெளியே, முந்தி மேலே. வெறும் வெள்ளைத்தாளுக்குக் கரை ஏது, முந்தி ஏது. ஆனால் அந்தக் கைகளுக்கு வேறு மாதிரி மடிக்கத் தெரியாது.

“இது ரெஹான். இடதுகைக்காரன், மடிப்பு திரும்பிக் கெடக்கும். இது செண்பகம். ஓரத்த நகத்தால நீவி வுட்டிருக்கு பாருங்க.”

சொல்லிக்கொண்டே முதல் சீட்டைப் பிரித்தார்.

‘அண்ணன் தங்கமானவர். எங்களை ஒருநாளும் திட்டியதில்லை.’

“நேத்து சாயங்காலம்கூட திட்டினேனே,” என்று முணுமுணுத்தார். பிறகு மூக்கை உறிஞ்சினார். “அத மனசுலயே வெச்சுக்கல பாருங்க மேடம்.”

இரண்டாவது சீட்டு: ‘இவரை உடனே மேனேஜராக்க வேண்டும்.’ மூன்றாவது: ‘இவ்வளவு நல்லவரை இங்கேயே வைத்திருப்பது அநியாயம்.’ பத்தாவது சீட்டுக்கு வருவதற்குள் அவருடைய மூக்குக்கண்ணாடி ஈரமாகிவிட்டது.

“பதினோரு வருஷமா பயிற்சி குடுக்கறேன் சார்,” என்றாள் நிஷா. “ஒரு குறைகூட இல்லாத ஆள இப்பத்தான் பாக்கறேன்.”

முதலாளியும் படித்தார். அரைமணி நேரத்தில் அடையாறு உறுதியானது.

கதிரேசன் பட்டுப் பிரிவுக்குள் நுழைந்ததும் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து நின்றார்கள். “உக்காருங்க,” என்றார். அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை இதுவரை கேட்டதில்லை என்பதால், யாரிடம் சொல்கிறார் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

“அடையாறு எனக்குத்தான்.”

கைத்தட்டலை ரெஹான்தான் ஆரம்பித்தான். “எப்பண்ணே கெளம்புறீங்க? நாளைக்கேவா?” செண்பகம் கல்லாவுக்குப் பின்னாலிருந்து மைசூர்பாகு டப்பாவை எடுத்துத் திறந்தாள். யாரோ முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தார்கள்.

“யார் யார் இன்னா எழுதினீங்கன்னு மடிப்ப வெச்சே கண்டுபுடிச்சிட்டேன்,” என்றார் கதிரேசன். பத்து முகங்களும் வெளுத்தன. “பயப்படாதீங்க நைனா. இவ்ளோ பாசத்த வுட்டுட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்? முதலாளிகிட்ட கையோட பேசிட்டேன். ஒண்ணாந்தேதிலேர்ந்து நீங்க பத்துப் பேரும் என்கூட அடையாறு வர்றீங்க.”

கைத்தட்டல் நின்றது. ரெஹான் வாயருகே கொண்டுபோன மைசூர்பாகைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தான்.

செண்பகம்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“அண்ணே, அந்தச் சீட்டுங்கள கொஞ்சம் திருப்பிக் குடுங்களேன். இன்னொரு தபா எழுதித் தர்றோம்.”