வார்டர் மருமகன்

"வார்டர்னா சரியா என்னாங்க அர்த்தம், கிளாக்கர் ஐயா?"

ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீஸ் ஜன்னலருகே நின்று கேட்டார் சின்னத்தம்பிக் கங்காணி. கிளார்க் முத்துலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. மருமகன் அழகன் கண்டி ஜெயிலில் வார்டராக இருந்தவன் என்று பத்து வருடமாகப் பெருமையடிப்பவர், அர்த்தத்தை இப்போதுதான் கேட்கிறார்.

"கைதிகளைக் காவல் காக்கிறவர், கங்காணி."

"அது ஜெயிலருங்களே?"

"ஜெயிலர் மேலதிகாரி. ஆளை எண்ணி உள்ளே விட்டுப் பூட்டுறவர்தான் வார்டர்." சொல்லிவிட்டு, தனக்கே சந்தேகம் வந்து அகராதியைப் புரட்டினார் முத்துலிங்கம். "வார்டன்னு இன்னொண்ணு இருக்கு. ஹாஸ்டல்ல பிள்ளைகளைப் பார்த்துக்கிறவரை அப்படிச் சொல்வாங்க. ஒரு எழுத்து மாறினா உத்தியோகமே மாறிடுது!"

"அடேயப்பா! மருமகனைக் கேட்டா, 'பழசை விடுங்க மாமா'ங்கிறாரு. விட முடியுங்களா? அடுத்த மாசம் நுவரெலியாவுல பிரஜாவுரிமை விசாரணை."

விஷயம் அதுதான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, நாற்பத்தொன்று, அந்த இரண்டு வருடமும் அழகன் பெயர் எந்தத் தோட்டத்துச் செக்ரோலிலும், அதாவது ஆள் பேர் பதியும் புத்தகத்திலும், இல்லை. இலங்கையில்தான் இருந்தான் என்று காட்டாவிட்டால் அவனுக்கும் கங்காணியின் மகள் பேச்சியம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் பிரஜாவுரிமை கிடையாது.

"ஜெயில்ல வேலை பார்த்தாருன்னு அவங்ககிட்டேயே ஒரு கடுதாசி வாங்கிட்டா என்னாங்க?"

நல்ல யோசனை. அன்றைக்கே எழுதிப் போட்டார் முத்துலிங்கம். மூன்றாவது வாரம் பதில் வந்தது.

படித்தவர் எழுந்து போய் ஆபீஸ் கதவைச் சாத்தினார். வார்டர்களில் அப்படி ஒருவர் இல்லவே இல்லை. பெயர் இருந்தது கைதிகளின் பதிவேட்டில். தோட்ட வேலைநிறுத்தத்தில் நடந்த கலவரத்துக்காக இரண்டு வருடம்.

இதைவிட நல்ல சாட்சி வேறு கிடைக்காது. ஆனால், பத்து வருடமாக வார்டர் மனைவி என்று தலை நிமிர்ந்து நடக்கிற பெண்ணிடம் இதை எப்படிக் கொடுப்பது? கங்காணி கேட்டால் நெஞ்சு வெடித்துவிடும்.

பறித்த கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த பேச்சியம்மாவை மட்டும் கூப்பிட்டார்.

"உட்காரு தாயி. மனசைத் திடப்படுத்திக்க. ஜெயில்லேருந்து கடுதாசி வந்திருக்கு. உன் வீட்டுக்காரன் வார்டரா இருக்கல. கைதியா இருந்திருக்கான்."

அவள் அழுவாள் என்று தண்ணீர் கூட எடுத்து வைத்திருந்தார். அவளோ வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"செக்ரோல்ல இல்லாத அந்த ரெண்டு வருசத்துக்கு இந்தக் கடுதாசி போதுமுங்களா?"

"போதும். ஆனா..."

"அப்ப கவர்ல போட்டுக் குடுங்க. விசாரணைக்கு அப்பா வராம நான் பார்த்துக்கிறேன்."

முத்துலிங்கம் திகைத்தார். "உனக்குக் கோபமே வரலையா? உன்னை ஏமாத்தியில்ல கட்டியிருக்கான்!"

"என்னை எங்கங்க ஏமாத்தினாரு? எங்க சின்னம்மா மவனும் அந்த ஸ்ட்ரைக்குல உள்ள போச்சு. அதைப் பார்க்கப் போன எடத்துலதான் இவரையும் பார்த்தேன். ஜெயிலுக்குப் போனவருக்கு எங்கப்பா பொண்ணு குடுப்பாருங்களா?" கடிதத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள் பேச்சியம்மா. "அந்த வார்டர் உத்தியோகத்தை அவருக்குப் போட்டுக் குடுத்ததே நாந்தானுங்க!"