கலங்கல்

மூத்த மகனின் கண்களிலிருந்து கண்ணீர் நிற்காமல் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்துப் பேச்சைக் குறைத்துக்கொண்டார்கள்.

"இவனைப் போய்க் கல்லுன்னு சொன்னேனே," என்றாள் அத்தை. இறந்துபோனவரின் ஒரே தங்கை அவள். "அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்ப எட்டிக்கூடப் பாக்கலைன்னு என்னென்ன பேசிட்டேன். எல்லாத்தையும் மனசுக்குள்ளயே வச்சிருந்திருக்கான் பாரு."

வாசல் வெளிச்சம் கூசியதால் அவன் தலையைக் குனிந்தே இருந்தான். அதையும் துக்கம் என்றுதான் எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

அப்பா வெளியில் எல்லோருக்கும் நல்லவர். உதவி என்று வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பியதில்லை என்று வந்தவர்கள் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். வீட்டுக்குள் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் டிவியை அணைத்துவிட்டு ஆளுக்கொரு அறைக்குப் போய்விடுவார்கள். அதை யாரும் சொல்லவில்லை.

ரொம்ப நாளாக அவனோடு பேசாமலிருந்த தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "போதும்ணா," என்றாள். அவனுக்கு யாரோ யாருடைய கையையோ பிடித்த மாதிரி இருந்தது.

அம்மா உள்ளறைக் கட்டிலில், முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். யார் தோளைத் தொட்டாலும் துண்டை எடுக்கவில்லை. "அவளை விடுங்க, அழுது தீர்க்கட்டும்," என்று அத்தை எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டாள். உடல் மறுநாள் காலையில்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வரும் என்று தகவல்.

சாயங்காலம், மெஷின் ரிப்பேர் பார்க்கும் பிட்டர் வந்தான். கழிவுநீர் நிலையத்தில் மகனோடு ஒரே ஷிப்டில் வேலை பார்ப்பவன். முகத்தைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்காமல், அவனைச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போனான்.

"கண்ணுல மணலை அள்ளிப் போட்ட மாதிரி இருக்கா?"

"ஆமா."

"எப்பலேர்ந்து?"

"மத்தியானத்துக்கு மேல."

"லைட்டைப் பாத்தியா?"

பார்த்திருந்தான். சாக்கடைத் தண்ணீரைத் தெளிய வைத்து, வடிகட்டி, கடைசியாக ஒரு வாய்க்காலில் விடுவார்கள். அதற்குள் வரிசையாகப் புற ஊதா விளக்குகள் எரியும். அந்த வெளிச்சத்தைக் கடந்து வந்தால் கிருமிகளுக்குப் பெருகும் சக்தி போய்விடும். அப்புறம் அந்தத் தண்ணீரில் பாதி ஆற்றுக்கு, பாதி பூங்காச் செடிகளுக்கு.

தண்ணீர் கலங்கலாக வந்தால் வெளிச்சம் உள்ளே இறங்காது. அன்று காலை கலங்கல் என்று அலாரம் அடிக்கவே, என்னவென்று பார்க்க வாய்க்காலின் மூடியைத் தூக்கினான். தூக்கியதும் விளக்கு தானாக அணைய வேண்டும். அந்த சுவிட்ச் கெட்டுப்போய், புதியது வருவதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் போன் வந்தது. யாரென்று பார்க்க, பாதுகாப்புக்குப் போட்டிருந்த கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினான்.

"அப்பா போயிட்டார்," என்றாள் அம்மா. வைத்துவிட்டாள்.

கண்ணாடியை இறக்கிவிடத் தோன்றவில்லை. நீல வெளிச்சத்துக்குள் தண்ணீர் போவதைப் பார்த்தபடியே நின்றான். நெஞ்சை ஏதாவது அடைக்கும் என்று காத்திருந்தான். ஒன்றும் அடைக்கவில்லை. தூரத்திலிருந்து யாரோ கூப்பிட்ட பிறகுதான் மூடியைப் போட்டான்.

"அந்த லைட்டு அப்படித்தான். பாக்கறப்ப ஒண்ணும் தெரியாது. பல மணி நேரம் கழிச்சுத்தான் வேலையைக் காட்டும்," என்றான் பிட்டர். "கசக்காதே. இருட்டு ரூமா பாத்துக் கண்ணை மூடிட்டுப் படு. ரெண்டு மூணு நாள்ல சரியாப் போயிடும், ஆனா டாக்டர்கிட்ட காட்டிடு." கூடத்தை எட்டிப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "இவங்ககிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாதே. நல்ல பேரு வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

வீட்டில் இருட்டாக இருந்தது அம்மாவின் அறை மட்டும்தான். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். அம்மா முகத்திலிருந்த துண்டை எடுத்து அவன் கண்களில் ஒற்றினாள். காய்ந்த துண்டு, ஈரத்தைச் சட்டென்று உறிஞ்சிக்கொண்டது.

அவள் ஒற்ற ஒற்ற அவனால் உட்கார முடியவில்லை.

"அம்மா, இது அழுகை இல்லம்மா."

அவள் கை நின்றது.

"வேலை பாக்கற இடத்துல அந்த லைட்டை வெறுங்கண்ணால பாத்துட்டேன். அதனால வர்ற தண்ணி. நான் அழவே இல்ல. அப்பா போயிட்டார்னு நீ சொன்னப்பவும் சரி, இப்பவும் சரி, எனக்கு ஒண்ணுமே தோணல."

திட்டுவாள் என்று நினைத்தான். இல்லாவிட்டால் ஓவென்று அழுவாள் என்று நினைத்தான். அம்மா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

வெளியே அத்தையின் குரல் கேட்டது. நாளைக் காலை ஊரே திரண்டு வரும், இந்த நாற்காலி எந்த மூலைக்கு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

"காலையிலதானே பாத்தே?" என்றாள் அம்மா.

"ஆமா. உன் போன் வந்தப்ப."

"கண்ணு எப்பக் கலங்குச்சு?"

"மத்தியானத்துக்கு மேலம்மா."

அம்மா விரல்விட்டு மணிக்கணக்குப் பார்த்தாள். "அப்ப ராத்திரி பாத்தா, விடியறதுக்குள்ள தண்ணி வந்துடும்."

"இனிமே கண்ணாடி இல்லாம அது கிட்டயே போகமாட்டேம்மா. பயப்படாதே."

அம்மா சாத்தியிருந்த கதவை ஒரு தடவை பார்த்தாள்.

"உனக்கு இல்லடா, எனக்குக் கேட்டேன்."