நாலு விரல் அகலம்

இந்தக் கதையை நான் பல வருடங்களாக நம்பவில்லை. சொன்னது, என் கடைக்குத் திரை மாற்ற வந்த ஒரு பழைய போன்.

அதன் சொந்தக்காரி செல்லத்தாயி, மகளின் கல்வி உதவித்தொகைக்காக ஓர் இணையப் பக்கத்தைத் திறந்தாராம். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. பக்கத்தின் தலையில் ஒரு கட்டடத்தின் படம் விறைப்பாக நின்றது. அதற்கு வலப்புறம் இருந்த ‘விண்ணப்பிக்க’ பொத்தான் திரைக்கு வெளியே கிடந்தது.

“அண்ணே, கொஞ்சம் சுருங்குங்க. அந்தம்மா என்னைத் தேடுறாங்க,” என்றது பொத்தான்.

“சுருங்கறதா? இந்தப் பக்கத்துக்கு ஒப்புதல் குடுத்த கூட்டத்துல என்னைச் சுவர் அளவு திரையில பார்த்து ஆறு அதிகாரிங்க கைதட்டினாங்க,” என்றது படம்.

“இங்க இடமே நாலு விரல் அகலம்தான்,” என்றது போன்.

“அது உன் வளர்த்தி. அந்தம்மாவைப் பெரிய திரையா வாங்கச் சொல்லு.”

போன் பொத்தானிடம், “நீயாவது கீழ இறங்கி நில்லேன்,” என்றது.

“இந்தப் பக்கத்தைச் செஞ்சவங்க, இவர் பக்கத்துலயே நிக்கணும்னு கட்டிப் போட்டுட்டாங்களே.”

செல்லத்தாயி பெருவிரலால் மேலும் கீழும் தள்ளினார். பக்கவாட்டில் பக்கம் நகரவில்லை. தனக்குத்தான் தெரியவில்லை என்று நினைத்து மூடி மூடித் திறந்தார். ஐந்து மணிக்குப் பொத்தான் செத்துப்போனது. படம் பளபளவென்றே இருந்தது.

இப்படியும் நடக்குமா என்று என் காதையே சந்தேகப்பட்டு வந்தேன். போன வாரம் அதே போன் பேட்டரி மாற்ற வந்தபோது கேட்டேன்: “கைதட்டிய அந்த ஆறு பேர் சட்டைப் பையிலும் உன்னை மாதிரி ஒன்று இருந்திருக்குமே, ஒருத்தர்கூடவா அதை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை?”