விசாரிக்கப் போன இடம்

கௌண்டருக்கு இந்தப் பக்கம் மூன்று பேர். சுவரோரத்து ஸ்டூலில் நான். நடுவில், கழுத்தில் அட்டை தொங்க, இரண்டு ஐ.டி. பையன்கள். அந்தப் பக்கம் ஒருவன்தான்: ஆவுடைநாயகம், என் அண்ணன் மகள் சங்கரிக்குப் பார்த்திருக்கிற மாப்பிள்ளை.

போட்டோவில் பார்த்த அதே முகம். அவனுக்கு என்னைத் தெரியாது.

'பெங்களூரில் ஓட்டல் மேனேஜர்' என்று ஆழ்வார்திருநகரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் சொல்லிவிட்டிருந்தார்கள். விலாசத்தைத் தேடிப்பிடித்து வந்தால், இது ஒரு பீர் பார்.

குடிப்பானா, கோபக்காரனா, சொன்னதெல்லாம் நிசமா. இந்த மூன்றையும் விசாரித்து அம்பாசமுத்திரத்தில் அண்ணனுக்கு எழுத வேண்டும். போனில் பேசினால் சங்கரி காதில் விழுமாம், அதனால் கடிதம். அவளுக்கு முப்பத்தொன்று ஆகிறது. முன்னே வந்த இரண்டு வரனும் என் கடிதத்தால்தான் நின்றுபோயின.

மூன்றாவது கேள்விக்குப் பதில் வாசலிலேயே கிடைத்துவிட்டது. அப்படியே திரும்பியிருக்கலாம்.

பலகையில் ஸ்டவுட் என்று எழுதியிருந்தது. கருப்பு பீர்.

ஊரில் நான் கலர் சோடாவும் மோரும் தவிர எதையும் தொடாதவன். பெங்களூருக்கு வரும்போது மட்டும், ஒழுங்காக ஊற்றிய ஒரு கிளாஸ் கருப்பு பீர் தேடி அலைவேன். கிடைத்ததில்லை. எல்லா இடத்திலும் அவசரமாக ஊற்றி, பொங்கி வழிந்ததைத் துடைத்து நீட்டுவார்கள்.

கேட்டேன். கேட்டுவிட்டு, யாராவது நம்மூர்க்காரன் 'அண்ணாச்சி' என்று கூப்பிட்டுவிடுவானோ என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வாயில் போட்டு வாடையை மறைக்க, சட்டைப்பையில் கிராம்பு இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். பஸ்ஸில் குமட்டாமலிருக்க என்று, நான் பெங்களூர் கிளம்பும்போதெல்லாம் சங்கரி கட்டித் தரும் பொட்டலம்.

அவன் கிளாஸைச் சாய்த்து முக்கால்வாசி ஊற்றி, கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டான். வாய்க்காலில் முதல் தண்ணீர் வருகிற நிறத்தில் உள்ளே புரண்டது. அடியிலிருந்து கருப்பு பைய ஏறியது.

என் கால் ஸ்டூலில் தட்டிக்கொண்டே இருந்தது.

"பாஸ், அது என்ன பாலா காய்ச்சுறீங்க?" என்றான் ஒரு பையன். "சீக்கிரம் எங்க பக்கம் வந்தா உங்களுக்கும் ஒண்ணு வாங்கித் தாரோம்."

"நான் குடிக்கதில்ல சார்" என்று சிரித்தான். கண் கிளாஸைவிட்டு நகரவில்லை. தெளிந்த பிறகு நிமிர்த்தி, மிச்சத்தை ஊற்றினான். விரற்கடை உயரத்துக்கு நுரை. ஒரு சொட்டு வழியவில்லை.

என் முன்னால் வைத்தான்.

"பைய குடிங்க மாமா."

என் கை கிளாஸிலேயே நின்றுவிட்டது.

"சித்தப்பா வருவாவ, கருப்பு பீர்தான் கேப்பாவ, அவசரப்படாம ஊத்துன்னு சங்கரி சொல்லியிருந்தா." குரலைத் தாழ்த்தினான். "எங்க வீட்ல கூச்சப்பட்டு மாத்திச் சொல்லிட்டாவ. நீங்க உள்ளதை எழுதிருங்க. நீங்க குடிச்சதை நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்."

கடைசி வாய் வரை அந்த நுரை கலையவில்லை.

மதுரைக்கும் பஸ்ஸில்தான் போகிறேன், அதற்கு அவள் கிராம்பு தருவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

பஸ் நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினேன். 'ஓட்டல் இல்லை, பார். மேனேஜர் இல்லை, ஊற்றிக் கொடுக்கிறான். குடிக்கமாட்டான். கோபம் இல்லை. நிதானம் உண்டு, கூட இருந்து பார்த்தேன். முடித்துவிடலாம்.'

கவரின் ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டும்போதுதான், இன்னும் கிராம்பு போடவில்லை என்பது ஞாபகம் வந்தது.

அப்படியே தபால் பெட்டியில் போட்டேன்.