திரையில் நகரும் புள்ளி

புயலில் காணாமல்போன மீனவர்களைத் தேடி, தன்னார்வலனான செல்வின் சிறு விமானத்தில் கடல்மேல் பறந்துகொண்டிருந்தான். விமானத்திலிருந்த செயற்கைக்கோள் கருவி அவன் இருக்குமிடத்தைக் கரைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. கரையில் அவன் மனைவி ரெக்ஸ்லின் திரையில் அந்தச் சிவப்புப் புள்ளியையே பார்த்திருந்தாள். திடீரென வயர்லெஸ் அடங்கிப்போனது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். புள்ளி மட்டும் தெற்கே மெல்ல நகர்ந்தது. அத்தனை மெதுவாக எந்த விமானமும் பறக்காது. அது நீரோட்டத்தின் வேகம். மீட்புப் படகுக்கு இடத்தைச் சொல்லிவிட்டு அவள் திரும்பியபோது, காணாமல்போன மீனவன் ஒருவனின் மனைவி மரியபுஷ்பம் திரையருகே நின்றிருந்தாள்.

"நகருதுல்லா தங்கச்சி? இன்னும் தேடுதாவளா?"

ரெக்ஸ்லின் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆமாக்கா. தேடுதாவ."