தலைமாட்டுப் பெட்டி

"புருஷன் கை கால் விழுந்து கெடக்கான். பொண்டாட்டி பாட்டுக் கேக்க ரெண்டு ஸ்பீக்கர் வாங்கியாந்து வச்சிருக்காளாம்!"

இந்தச் சேதி நிலக்கோட்டைக்கு வந்து சேர்ந்த பிறகு சகாயராணி சும்மா இருப்பாளா? கூடப் பிறந்த ஒரே தம்பியாச்சே! பூ ஏற்றிக்கொண்டு கிளம்பிய வேனிலேயே ஏறி, திண்டுக்கல் நாகல் நகரில் தம்பி வீட்டு வாசலில் வந்து இறங்கினாள்.

"செத்த நேரம் நில்லுப்பா. தம்பியவும் ஏத்திக்கிட்டு, பூவ எறக்கிட்டு, அப்பிடியே ஊருக்குத் திரும்பிருவோம்," என்றாள் டிரைவரிடம்.

முன்னறையில் தம்பி பொண்டாட்டி அல்போன்சா தையல் மிஷினில் இருந்தாள். பிளவுஸ் வாங்க வந்த இரண்டு பெண்கள் பெஞ்சில். அலமாரி மேல் அந்தப் பெட்டி, பச்சை விளக்கு எரிய. ஆளைக் கண்டதும் பாட்டை அமத்திட்டா பாரு, கைகாரி!

"வாங்க மதினி."

"ம்," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்னறைக்குப் போனாள்.

தம்பி இனிகோவுக்கு வாதம் வந்து ஆறு மாசம். வலது பக்கம் விளங்காது. குரலும் போய் வெறும் காற்றுதான் வரும். சகாயராணி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ராசா, என் வீட்டுக்கு வந்துரு அப்பு. இவ உன்னையப் பாக்க மாட்டா. நீ எப்படா போவேன்னு காத்துக்கிட்டிருக்கா, சண்டாளி!"

இனிகோ பதறிப்போய்க் கண்ணால் தலைமாட்டைக் காட்டினான். அங்கே இன்னொரு பெட்டி.

"அடிப்பாவி! தலமாட்டுலயுமா? உன்னையத் தூங்கவாச்சும் விடுறாளா? இந்தா, மிஷின் சத்தமும் நின்னுபோச்சு. ஊர்க்கதை பேச ஆரம்பிச்சுட்டா போல!"

அவன் உதடு அசைந்தது.

"என்னப்பா?" குனிந்து கேட்டாள். ஒன்றும் விளங்கவில்லை.

அதற்குள் அல்போன்சா தண்ணீரோடு வந்து நின்றாள். தலையைத் தூக்கிப் பிடித்து, மிடறு மிடறாகப் புகட்டினாள்.

"தண்ணின்னு உனக்கு எப்பிடித் தெரியும்?"

"அவருதான் கேட்டாரு."

"பக்கத்துல இருந்த எனக்கே கேக்கலையே!"

"இங்கிட்டு வாங்க மதினி."

முன்னறைப் பெட்டியிலிருந்து 'ஹ்ம்... ஹ்ம்...' என்று ஒரு சத்தம். மூச்சு! தம்பியின் மூச்சு!

"ஏசுவே!" சகாயராணி சிலுவை போட்டுக்கொண்டாள். "இதென்ன அதிசயம்!"

"பாட்டு அனுப்புற பெட்டி தொலஞ்சுபோன செட்டு மதினி. யாரும் வாங்காம பழைய சாமான் கடையில கெடந்துச்சு. ரேடியோ ரிப்பேர் பாக்குற கிதர் முகம்மது அண்ணன் வயர் இழுத்து, தலமாட்டுல இருக்கிறத மைக்கு மாதிரி மாத்திக் குடுத்தாரு. அது கேக்குறத இது சொல்லும். கரண்டு போனாலும் பேட்டரியில ஓடும்."

சகாயராணிக்கு மெய் சிலிர்த்தது. பெட்டியில் காதை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் கிடப்பவன் காதுக்குள்ளேயே மூச்சு விடுகிறானே!

நிமிர்ந்தபோதுதான் கவனித்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் குனிந்த தலை நிமிரவில்லை. சுருக்கென்றது.

வாசலுக்குப் போய், "நீ கெளம்புப்பா. தம்பி இங்கயே இருக்கட்டும்," என்று வேனை அனுப்பிவிட்டு வந்தாள்.

"அப்ப நான் பேசுனது..."

"கேட்டுச்சு மதினி."

"அம்புட்டுமா?"

"ம்."

"அந்தப் பெட்டிய அமத்தித் தொலைச்சிருக்கலாம்ல தாயி?"

அல்போன்சா ஊசியில் நூலைக் கோத்தபடியே சொன்னாள்:

"அமத்துனா அவரு மூச்சு கேக்காதே மதினி!"