ஒலியில்லாத டிவி

எப்போதும் தாமதமாகவே தொடங்கும் தமிழ்ச் சங்க விழாக்களின் பழக்கத்தில், ஆறு மணி நாடகத்துக்குச் சிவசைலம் ஆறரைக்கு வந்தார். அந்த சிகாகோ அரங்கில் கதவை மூடியிருந்தார்கள். இனி இடைவேளையில்தான் திறக்குமாம். டாக்டர் படிப்பை விட்டு நடிக்கப் போன மகள் நிரஞ்சனாவோடு அவர் பேசுவதில்லை. ஆனாலும் அவளே டிக்கெட் அனுப்பியிருந்தாள்.

மேடையைக் காட்ட வெளியே மாட்டியிருந்த ஒலியில்லாத டிவியில், அவள் அரங்கின் இருட்டைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டுச் செத்து விழுந்தாள். அவள் வேடம் அத்தோடு முடிந்தது.

இடைவேளையில் உள்ளே போய்த் தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நாடகம் முடிந்து, வெளிச்சம் போட்டு நடிகர்கள் எல்லோரும் வணங்கியபோது, அவரைக் கண்டுபிடித்து ஓடிவந்தாள்.

“அதிசயமா நேரத்துக்கு வந்துட்டீங்களே! சாகுறப்ப உங்களுக்காக ஒரு வரி தமிழ்ல சொன்னேனே, கேட்டுச்சாப்பா?”

அவர் தலையாட்டினார். “இன்னொரு தடவை சொல்லேம்மா.”

“போங்கப்பா, அதெல்லாம் மேடையிலதான் வரும். நாடகமே இன்னிக்கோட முடிஞ்சுது” என்று சிரித்தாள்.